குருவிப்பெட்டி வாங்கறதுக்கு முன்னாடி அதைத் திறக்க முடியுமான்னு பாருங்க – செங்கோட்டை மரப்பட்டறை ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். செங்கோட்டையில இருந்து புளியரை போற ரோட்டுல ஒரு மரப்பட்டறை இருக்கு, கதவு ஜன்னல் கட்டில்தான் அங்க மெயின் வேலை, ஆனா மிச்சம் விழற துண்டுப் பலகையில குருவிப்பெட்டியும் செஞ்சு தர்றாங்க, அதோட வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆள் அனுப்பி அந்தப் பெட்டியைத் திறந்து சுத்தம் பண்ணி, கீல் கொண்டி எல்லாம் பார்த்து, தேவைன்னா இறக்கி ரிப்பேர் பண்ணி திருப்பி மாட்டியும் குடுக்கறாங்க. இந்த ரெண்டாவது விஷயத்துக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். பெட்டி விக்கிறவங்க இப்ப ஊர்ப்பட்ட பேர் இருக்காங்க, வித்ததுக்கு அப்புறம் அதுக்குள்ள என்ன ஆகுதுன்னு வந்து பார்க்கிறவங்க எங்க பக்கத்துல நான் பார்த்த வரைக்கும் இவங்க மட்டும்தான்.

மார்ச் 20 சிட்டுக்குருவி தினம்னு 2010ல இருந்து கொண்டாடறாங்க, ரொம்ப நல்ல விஷயம், அதனாலயே இன்னைக்கு ஸ்கூல் பிள்ளைங்க கையில எல்லாம் ஒரு பெட்டி வந்துடுச்சு. ஆனா அந்தப் பெட்டியில பாதியை கையில வாங்கித் திருப்பிப் பாருங்க. மெல்லிசு ப்ளைவுட், நாலு பக்கமும் கோந்து, மேல கூரையும் கோந்து, முன்னாடி ஒரு ஓட்டை, ஓட்டைக்குக் கீழ அழகுக்கு ஒரு குச்சி. திறக்கவே வழி இல்ல. எனக்கும் ஒருத்தங்க ஆன்லைன்ல ஆர்டர் போட்டு அப்படி ஒண்ணு கிஃப்டா குடுத்தாங்க, கலர் கலரா பெயின்ட் அடிச்சு பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. எங்க ஊரு ஆனி ஆடிச் சாரல்ல அந்த ப்ளைவுட் ஏடு ஏடா பிரிஞ்சு அடிப்பலகை ஊதிப் போச்சு. அதைவிட பெரிய பிரச்சனை, குருவி ரெண்டு மூணு ஈடு குஞ்சு பொரிச்சு முடிக்கறதுக்குள்ள உள்ள வைக்கோலும் எச்சமும் ஏறி ஏறி ஓட்டை வரைக்கும் வந்துடுச்சு. அதை எடுக்கணும்னா பெட்டியை உடைக்கணும், வேற வழியே கிடையாது.

நெறைஞ்சா என்னன்னு கேக்கலாம். ஆண்குருவி பழைய கூட்டை முழுசா வெளிய இழுத்துப் போடறதில்ல, பெரும்பாலும் அது மேலயே புதுசா வைக்கோல் கொண்டாந்து அடுக்கும், ஒவ்வொரு ஈட்டுக்கும் தளம் உசந்துகிட்டே வரும். முதல் ஈட்டுல ஓட்டைக்கு அஞ்சு இஞ்ச் கீழ பத்திரமா இருந்த முட்டை, அப்புறம் அப்புறம் வாசலுக்கே வந்துடும், காக்கா ஓட்டையில அலகை விட்டா எட்டும், பூனை கையை விட்டா எட்டும். இன்னொண்ணு பேன். கோழி வளர்த்தவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், கோழிப்பேன் பகல்ல பலகை இடுக்குல ஒளிஞ்சுகிட்டு ராத்திரி வெளிய வந்து ரத்தம் குடிக்கும், கூட்டுல கோழியே இல்லாட்டியும் மாசக்கணக்குல பட்டினி கிடந்து உசிரோட இருக்கும். குருவிக்கூட்டுலயும் இந்த மாதிரி பேனும் தெள்ளுப்பூச்சியும்தான் தங்குது. ஒரு சிட்டுக்குருவி முட்டை பொரிய பன்னெண்டு நாள் பக்கம், குஞ்சு பறக்க இன்னொரு ரெண்டு வாரம், அந்த ரெண்டு வாரமும் ரோமம் முளைக்காத குஞ்சு ஓடவும் முடியாம ஒளியவும் முடியாம அந்தப் பேனோட ஒரே அறையில கிடக்கணும். பேன் ஜாஸ்தியானா ரத்தம் குறைஞ்சு வளர்த்தி நின்னு செத்தும் போகும். நாம கூப்பிட்டு வெச்ச வீட்டுல இது நடக்குது, அதனால அதைப் பார்க்க வேண்டியது நம்ம பொறுப்பு, இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

"மரப்பொந்துல யாரு போய் தூத்துப் பெருக்குதா?"ன்னு எங்க மாமா (மாமனார்) கேட்டாங்க. நியாயமான கேள்வி. பொந்துக்குள்ள ஈரம் இருக்கும், பழைய கூடு மக்கி, எறும்பும் வண்டும் தின்னு அடியில மண்ணா இறங்கிடும். கூரை போட்ட காஞ்ச பெட்டிக்குள்ள அவ்ளோ சீக்கிரம் எதுவும் மக்காது. அதுவும் போக, வயசான மாமரமும் புளியமரமும் ரோட்டோரம் வரிசையா நின்ன காலத்துல ஒரு பொந்து சரியில்லேன்னா பறவை அடுத்த பொந்தைப் பார்த்துப் போயிருக்கும். ரோடு அகலப்படுத்தினதுல மரம் போச்சு, ஓட்டு வீடு போய் கான்க்ரீட் வந்ததுல இறவாணத்து இடுக்கும் போச்சு. இப்ப அதுகளுக்கு இருக்கற ஒரு இடத்தை நாம சுத்தமா வெச்சுக் குடுக்கணும்.

சரி, பெட்டிக்கு வர்றேன். மரம் அயனி, அதான் காட்டுப்பலா வகை. பழைய வீடு இடிக்கிற எடத்துல இருந்து வர்ற உத்தரம், நிலை, இதெல்லாம் வாங்கி அறுத்து வேலை செய்றாரு ஆசாரி அண்ணாச்சி, அதுல மிச்சம் விழறதுதான் குருவிப்பெட்டி ஆகுது. மலைக்கு அந்தப் பக்கம் புனலூர்ல இருந்து ரப்பர் மரப் பலகை சல்லிசா வருமே, அதுல செஞ்சா விலை குறையுமேன்னு கேட்டேன். "அது ஆகாதும்மா, ரப்பர் மரத்துல மாவு ஜாஸ்தி, மருந்து ஏத்தலேன்னா ஒரு மழைக்கே பூசணம் பிடிச்சிரும், வண்டு துளைச்சிரும். மருந்து ஏத்துன பலகைய குஞ்சு கெடக்குத எடத்துல நான் வைக்க மாட்டேன்"னு ஒரே பேச்சா முடிச்சிட்டாரு. இந்த ஒரு பதில்லயே எனக்கு அவர் மேல நம்பிக்கை வந்துடுச்சு.

பலகை முக்கால் இஞ்ச் கனம், பங்குனி சித்திரை வெயில்ல உள்ள வெக்கை இறங்காம இருக்கறதுக்கு இந்தக் கனம் வேணும், மெல்லிசு பலகையில குஞ்சு வெந்துடும். வெளிப்பக்கம் இழைப்புளி போட்டு வழவழன்னு இருக்கு, உள்பக்கம் வேணும்னே இழைக்காம சொரசொரப்பா விட்டிருக்காரு, அதுலயும் ஓட்டைக்கு நேர் கீழ உள்சுவர்ல உளியால குறுக்குக் கோடா வெட்டியிருக்காரு. எதுக்குன்னா குஞ்சு பறக்கற நாள்ல நகத்தை மாட்டி ஏறி ஓட்டைக்கு வரணும், வழவழப்பா இருந்தா வழுக்கி வழுக்கி உள்ளயே நிக்கும். அடிப்பலகையோட நாலு மூலையிலயும் சின்ன ஓட்டை, தண்ணி உள்ள போனாலும் வடிஞ்சுடும். அடிப்பலகையை சுவருக்குக் கீழ ஒட்ட வெக்காம சுவருக்கு உள்ள கொஞ்சம் ஏத்தி வெச்சிருக்காரு, அதனால பக்கவாட்டுல வழியற மழைத்தண்ணி பலகையில ஊறாது. கூரைக்குக் கீழ காத்து போக ரெண்டு பக்கமும் ஒரு கீத்து இடைவெளி. வாசல் ஓட்டை ஒண்ணேகால் இஞ்ச், அதாவது 32 மில்லிமீட்டர், சிட்டுக்குருவிக்கு இது சரி, மைனா நுழையாது. ஓட்டையைச் சுத்தி ஒரு பித்தளைத் தகடு, அணில் கடிச்சு அகலப்படுத்தாம இருக்க. குச்சி கிடையாது, குருவிக்கு குச்சி தேவையே இல்ல, அது சுவத்தைப் பிடிச்சு தொங்கி நுழைஞ்சுடும், குச்சி வெச்சா காக்காவும் அணிலும் நின்னு எட்டிப் பார்க்கத்தான் வசதி.

இதுல முக்கியமானது பக்கத்துக் கதவு. ஒரு பக்கச் சுவர் முழுசும் கதவா திறக்குது, பித்தளைக் கீல், கீழ ஒரு கொண்டி. இரும்புக் கீல் எங்க ஊரு ஈரத்துக்கு ஒரு வருஷத்துல துரு ஏறி இறுகிடும், அப்புறம் திறக்கறதுக்கு சுத்தியல் எடுக்கணும், அந்த ஆட்டத்துல பெட்டியே கழண்டு வரும். கூரையும் பின்பலகையும் சேர்ற இடத்துல பழைய லாரி டியூபை பட்டையா வெட்டி அடிச்சிருக்காரு, ஒரு சொட்டு உள்ள இறங்கலை.

எங்க ஏரியாவுக்கு மழை விஷயம் தனியா சொல்லணும். ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற காத்து ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் விடாம அடிக்கும், கூடவே சாரல். அதனால ஓட்டை மேற்கைப் பார்த்து இருக்கவே கூடாது, குஞ்சு நனைஞ்சு விறைச்சுடும். அப்ப கிழக்கைப் பார்த்து வெச்சா ஆச்சான்னா, ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு மழை அந்தப் பக்கம் இருந்து வரும். ரெண்டு மழையும் வாங்கற ஊரு இது. அதனால அண்ணாச்சி கூரையை முன்பக்கம் மூணு இஞ்ச் நீட்டிச் சரிச்சு விட்டிருக்காரு, மாட்டும்போதும் பெட்டியை லேசா முன்னாடி சாய்ச்சு மாட்டச் சொல்றாரு. வாங்கிட்டுப் போற வீடு எங்க இருக்கு, எந்தப் பக்கம் சுவர், வெயில் எப்ப விழும், பூனை இருக்கான்னு கேட்டுட்டுத்தான் எங்க மாட்டணும்னு சொல்றாரு. எங்க வீட்டுல தெக்குச் சுவர்ல இறவாணத்துக்குக் கீழ, எட்டடி உசரத்துல, மத்தியான வெயில் படாத இடமா பார்த்து மாட்டியிருக்கு. சிட்டுக்குருவி கூட்டமா வாழற பறவை, அதனால பக்கத்துல பக்கத்துல ரெண்டு மூணு பெட்டி வெக்கலாம், தப்பில்ல. கருப்பும் வெள்ளையுமா தோட்டத்துல பாடுமே குண்டுகரிச்சான், அது அப்படி இல்ல, தன்னோட எல்லைக்குள்ள இன்னொரு ஜோடியை விடாது, அதுக்கு தோட்டத்துல ஒரே ஒரு பெட்டிதான்.

குண்டுகரிச்சான் பெட்டி கிணத்தடி பலாமரத்துல இருக்கு, அதுக்கு வாசல் பெருசு, ரெண்டேகால் இஞ்ச். பங்குனி பொறந்ததும் விடிகாலையில ஆண்பறவை பலாமர உச்சியில உக்காந்து பாடும் பாருங்க, அந்தப் பாட்டுக்காகவே எத்தனை பெட்டி வேணும்னாலும் வாங்கலாம்.

இப்ப சுத்தம் பண்ற சர்வீஸ். பட்டறையில வேலை பார்க்கிற ஒரு தம்பிதான் வர்றாப்ல, ஏணி, ஒரு சாக்கு, சுரண்டறதுக்கு ஒரு பழைய கரண்டி, நார் பிரஷ், இவ்ளோதான் சாமான். நாம வெந்நீர் போட்டு வெச்சா போதும். வந்ததும் ஏணியை சாத்தலை, முதல்ல என்கிட்ட விசாரணை. "அக்கா, எத்தனை நாளா உள்ள போக வர இல்ல? பெட்டைக்குருவி வாயில எதையாச்சும் கவ்விட்டு வந்ததைப் பாத்தியளா? சத்தம் கேக்குதா?" ரெண்டு வாரமா நடமாட்டமே இல்லைன்னு சொன்னதுக்கு அப்புறமும் தூரத்துல திண்ணையில உக்காந்து ஒரு அரைமணி நேரம் பெட்டியவே பார்த்துகிட்டிருந்தாப்ல. அப்புறம்தான் ஏறி, பக்கத்துல லேசா ரெண்டு தட்டு தட்டி, முகத்தை ஒதுக்கி வெச்சுகிட்டு கதவைத் திறந்தாப்ல. முகத்தை ஒதுக்கறது எதுக்குன்னா உள்ள குளவி இருக்கலாம், பெரிய பெட்டியில பாம்பும் இருக்கலாம், கொம்பேறி மூக்கன் மரத்துல நல்லா ஏறும்.

ஒரு பெட்டியில முட்டை இருந்துச்சு. கதவை அப்படியே சாத்திட்டு இறங்கிட்டாப்ல. அதுக்கு காசும் வாங்கலை, "அது முடியட்டும்க்கா, அடுத்த தடவை பாத்துக்கிடலாம்"னு போயிட்டாப்ல. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல காட்டுப் பறவையோட முட்டையையோ கூட்டையோ கலைக்கறதும் வேட்டைங்கற கணக்குலதான் வரும், இது நெறைய பேருக்குத் தெரியாது, சுத்தம் பண்றேன்னு குஞ்சோட இருக்கற கூட்டை எடுத்து வெளிய வெச்சவங்களை நானே பார்த்திருக்கேன். சட்டத்தை விடுங்க, அந்தத் தாய்ப்பறவை திரும்பி வந்து பார்க்கும்போது அங்க ஒண்ணும் இருக்காதே.

காலியான பெட்டியில இருந்து கூடு வந்த அழகைச் சொல்லணும். பெட்டி அளவுக்கு நாலு மூலையும் கச்சிதமா, அச்சுவெல்லம் கவுத்த மாதிரி சதுரமா அப்படியே வெளிய வந்துச்சு. மேல தளத்துல கோழி இறகு, தலைமுடி, எங்க வீட்டு மாப்புல இருந்து உருவின வெள்ளை நூல், பூக்கட்டற நார். அதுக்குக் கீழ வைக்கோல். இன்னும் கீழ போனா பழைய ஈட்டோட கூடு, அழுத்தி அழுத்தி அட்டையா போயிருக்கு. எல்லாத்துக்கும் அடியில சாம்பல் கலர்ல மாவா ஒரு தூள், எச்சமும் குஞ்சோட ரோமத்து உறையும் உதுந்து சேர்ந்தது. அந்தத் தூளை வெள்ளைப் பேப்பர்ல கொட்டிக் காமிச்சாப்ல, கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தா தூளு நகருது. கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத அளவுக்கு பேன், சிலது பழுப்பு, ரத்தம் குடிச்சது மட்டும் செவப்பு. அதோட நடுவுல பொரியாத ஒரு முட்டை, வெள்ளையில பழுப்புப் புள்ளி, எடையே இல்லாம காஞ்சு கிடந்துச்சு. எங்க சின்னவ அதைக் கையில எடுத்து வெச்சுக்கவான்னு கேட்டா, வேண்டாம்னு சொல்லி கூட்டோடயே புதைச்சோம்.

கூட்டை எடுக்கறதுக்கு முன்னாடி மேல லேசா தண்ணி தெளிக்கறாப்ல, மூக்குல துணி கட்டி கையில உறை போட்டுக்கறாப்ல. இது ரொம்ப முக்கியம், காஞ்ச எச்சத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வியாதி வரும், ஆஸ்துமா இருக்கறவங்க அந்தப் பக்கமே நிக்க வேண்டாம். எடுத்த கூட்டை சாக்குல போட்டுக் கட்டி பெட்டிக்கு ரொம்ப தள்ளிக் கொண்டு போய் புதைக்கணும், பெட்டிக்கு அடியிலயே கொட்டினா பேன் திரும்ப ஏறிடும், காக்காவுக்கும் மோப்பம் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். அப்புறம் கரண்டியால மூலை முடுக்கு எல்லாம் சுரண்டி, பிரஷ் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர். கீல் இடுக்கு, பலகை சேர்ற வெடிப்பு, கூரை அடி, இங்கதான் பேன் ஒளியும், அங்கதான் வெந்நீரை ஊத்தணும். வேற எதுவும் வேண்டாம். பினாயில் வேண்டாம், ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம், எறும்பு மருந்து, அந்துருண்டை எதுவும் வேண்டவே வேண்டாம். எங்க பக்கத்து வீட்டுல நல்லெண்ணத்துலதான் அந்துருண்டை போட்டாங்க, அந்தப் புகை அடைஞ்ச பெட்டிக்குள்ள குஞ்சு மூச்சு விடணும்னு யாரும் அவங்களுக்கு சொல்லலை. கடைசியில கதவைத் திறந்தபடியே விட்டு நல்லா வெயில்ல காய வெச்சு, சொட்டு ஈரம் இல்லைன்னு தொட்டுப் பார்த்துட்டுத்தான் மூடணும். உள்ள புது வைக்கோல் நாம போட வேண்டாம், அது குருவியோட வேலை. ஆந்தைப் பெட்டிக்கு மட்டும் இழைப்புளிச் சீவல் ரெண்டு கை போடறாப்ல, புள்ளி ஆந்தை பெருசா கூடு கட்டாது, வெறும் பலகையில முட்டை உருளும். ரம்பத்தூள் போடக்கூடாதாம், அது ஈரம் குடிச்சு கட்டியாயிடும்.

எப்ப சுத்தம் பண்ணணும்ங்கறதுலதான் நெட்டுல படிச்சவங்க குழம்பறாங்க. தேடினா வர்றதெல்லாம் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரங்க எழுதினது, அவங்க இலையுதிர் காலத்துல சுத்தம் பண்ணுங்கன்னு சொல்வாங்க, அவங்க ஊருக்கு அது சரி, அங்க பறவைங்க வசந்தத்துல இருந்து கோடை வரைக்கும் குஞ்சு பொரிச்சு முடிச்சுடும், பிப்ரவரி 14ல இருந்து ஒரு வாரம் கூட்டுப்பெட்டி வாரம்னே கொண்டாடி புதுப்பெட்டி மாட்டுவாங்க. நம்ம ஊரு சிட்டுக்குருவி வருஷத்துல எந்த மாசமும் கூடு கட்டும். அதனால இங்க காலண்டரைப் பார்க்கறதைவிட பெட்டியைத்தான் பார்க்கணும். பட்டறைக் கணக்கு என்னன்னா, சாரல் முடிஞ்சு ஐப்பசி மழை தொடங்கறதுக்கு நடுவுல புரட்டாசியில ஒரு காஞ்ச இடைவெளி கிடைக்கும், அப்ப ஒரு சுத்து. வடகிழக்கு மழை முடிஞ்சு தை கடைசியில ஒரு சுத்து, அது குண்டுகரிச்சான் பங்குனியில கட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. அந்த நேரத்துல எந்தப் பெட்டி காலியோ அதை மட்டும் சுத்தம், மத்ததைத் தொடறதில்ல. எங்க ஊரு மழைக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு நான் எங்கயும் படிக்கலை.

குருவியைத் தவிர வேற ஆளும் பெட்டிக்கு வரும். அணில் வரும், நார் நாரா கிழிச்சுப் போட்டு அடைச்சுடும், அதுவும் குட்டி போட்டிருந்தா காத்திருக்கத்தான் வேணும். எங்க தோட்டத்துல ஒரு பெட்டியை கொசுத்தேனீ பிடிச்சுகிச்சு, வாசல்ல மெழுகுல ஒரு குழாய் கட்டி வெச்சிருக்கும், கொட்டாது, பாவம் சின்ன ஈ. அந்தப் பெட்டியை அதுக்கே விட்டுட்டு குருவிக்கு வேற ஒண்ணு வாங்கி மாட்டினோம். முசுறு எறும்பு மட்டும் ஆபத்து, பலாமரத்துல முசுறு கூடு இருந்தா அந்த மரத்துல பெட்டியே வேண்டாம், குஞ்சை உசிரோட விடாது.

சர்வீஸ்ல இன்னொரு நல்ல விஷயம், பெட்டியோட மத்த உடம்பையும் பார்க்கறாப்ல. ஓட்டைத் தகடு ஆடுதா, வடிகால் ஓட்டை அடைச்சிருக்கா, பின்பலகையில கரையான் மண் ஏறியிருக்கா, கீலுக்கு ஒரு சொட்டு தேங்காயெண்ணெய், மரத்துல கட்டின கம்பி மரம் பெருத்ததுல இறுக்குதா. கம்பி இறுக்கினா மரப்பட்டை வெட்டுப்படும், அதைத் தளர்த்திக் கட்டணும்.

குறையும் சொல்லணும், இல்லேன்னா ரிவ்யூவா இருக்காது. முதல் குறை நேரம். பத்து நாள்ல தர்றேன்னு சொன்ன பெட்டி ஒரு மாசம் தாண்டித்தான் வந்துச்சு, கோயில் கதவு வேலை வந்துடுச்சுன்னு சொன்னாரு, போன் பண்ணினா எடுக்கவும் மாட்டாரு. ரெண்டாவது கொண்டி. வெறும் தள்ளுற கொண்டி போட்டிருந்தாரு, எங்க ஊருல குற்றாலத்துல இருந்து இறங்கி வர்ற குரங்குக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல, வந்து உக்காந்து திறந்து உள்ள கையை விட்டுப் பார்த்துடுச்சு. நல்லவேளை அப்ப பெட்டி காலி. சொன்னதும் மறுநாளே ஆள் அனுப்பி திருகாணி போட்டு முறுக்கற மாதிரி மாத்திக் குடுத்தாரு, காசு வாங்கலை, ஆனா குரங்கு உள்ள ஊருல கடை வெச்சிருக்கறவர் முதல்லயே யோசிச்சிருக்கணும். மூணாவது, மரத்துல கட்ட தேங்காய்க் கயிறு குடுக்கறாரு, ஒரு மழைக்காலம் தாங்காது, நாமளே தடிமன் கம்பி வாங்கி தோட்டத்துக்குத் தண்ணி விடற ரப்பர் ஹோஸ்ல நுழைச்சுக் கட்டிக்கறது நல்லது. இன்னொரு வருத்தம், குற்றாலம் சீசன்ல டூரிஸ்ட் கேக்கறாங்கன்னு குச்சி வெச்சு, வார்னிஷ் அடிச்சு, கதவில்லாத பெட்டியும் அதே பட்டறையில செய்றாங்க. இவ்ளோ தெரிஞ்ச மனுஷன் அதை ஏன் செய்றாருன்னு நேரடியாவே கேட்டேன். "கேக்கதைக் குடுக்கேன், என்ன செய்ய? வீட்டுக்குள்ள ஷோகேஸ்ல வைக்கப் போறேன்னு சொன்னாத்தான் குடுப்பேன்"னாரு. எனக்கு முழு சமாதானம் இல்ல, வாங்கிட்டுப் போறவங்க வெளிய மாட்ட மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?

விலை: சிட்டுக்குருவிப் பெட்டி 550 ரூபா, குண்டுகரிச்சான் பெட்டி 750, ஆந்தைப் பெட்டி 1400. சுத்தம் பண்ண ஒரு பெட்டிக்கு 80 ரூபா, வந்து போக தனியா 150. தனித்தனியா கூப்பிட்டா கட்டாது, தெருவுல நாலு வீடு சேர்ந்து ஒரே நாள்ல கூப்பிட்டா வந்து போற காசு பிரிஞ்சுடும், நாங்க அப்படித்தான் செய்றோம். ஆன்லைன்ல 200 ரூபாய்க்கு பெட்டி கிடைக்குதேன்னு சொல்றவங்க அந்தப் பெட்டி ரெண்டு மழை தாங்குமா, அதைத் திறக்க முடியுமான்னு பார்த்துட்டு கணக்குப் போடட்டும். அயனிப் பலகைப் பெட்டி எங்க வீட்டுல நெறைய மழை பார்த்துடுச்சு, கலர் மட்டும்தான் மங்கியிருக்கு.

5க்கு 4 ஸ்டார். பெட்டிக்கும் அந்தத் தம்பியோட பொறுமைக்கும் முழு மார்க், கொண்டிக்கும் காலதாமதத்துக்கும் ஒண்ணு குறைச்சிருக்கேன்.

போறவங்க காலையில பதினொரு மணிக்கு முன்னாடி போங்க, அப்புறம் அண்ணாச்சி சைட் வேலைக்குப் போயிடுவாரு. தை மாசத்துக்குள்ள பெட்டி வேணும்னா ஆவணியிலயே சொல்லி வெச்சுடுங்க, கார்த்திகை மார்கழியில சபரிமலை போற வண்டியில புளியரை ரோடு நெறைஞ்சுடும், டெலிவரி எதுவும் நடக்காது. சொல்லும்போது பக்கத்துக் கதவு, பித்தளைக் கீல், திருகாணிக் கொண்டி, குச்சி வேண்டாம், உள்ள வார்னிஷ் வேண்டாம், இந்த அஞ்சையும் சொல்லி, எந்தப் பறவைக்குன்னும் சொல்லிடுங்க, ஓட்டை அளவை அவரே பார்த்துக்குவாரு.